பெட்டியும் தொட்டிலும்

சென்ற கிழமை வெள்ளவத்தைச் சந்தை வாயிலில் நண்பர் ஒருவர் எம்மை மறித்து, "நேற்றைய ஆட்டம் பார்த்தீரோ?" என்று வினவினார். பார்த்தோம் என்று சொன்னால் பொய்யாகாது. பார்க்கவில்லை என்றாலும் பொய்யாகாது. நாணயம் சுண்டியதைப் பார்த்தோம். பின்பு சின்னவன் சுவரிலே வண்ணக் கோலால் எழுதிய சித்திரத்தைத் துடைத்தோம். துடைத்துவிட்டு வந்து பார்த்தபோது முதல் அணி ஆடி முடித்திருந்தது. இரண்டாம் அணி ஆடத் தொடங்கியபோது மூத்தவளின் கணக்குக் கொப்பியில் பின்னங்கள் நின்று எம்மை அழைத்தன. எஞ்சியது பரிசளிப்பு. அதனையும் காலி வீதிப் பக்கத்து வீடுகளுக்கே உரிய முறையில், கடற்கரைப் புகையிரதம் கடந்து போன இரைச்சலினூடே, வாயசைவாகவே கண்டோம்.

"ஓம், பார்த்தோம்" என்றே நண்பருக்கு விடை கூறினோம். குழந்தைகள் உள்ள வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பது இவ்வாறுதான் என்பதை, பேரப் பிள்ளைகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஓய்ந்திருக்கும் அவருக்கு எவ்வாறு விளக்குவது?

எமது குடும்பம் பெரிதன்று. மூத்தவள் படிக்கிறாள், சின்னவன் குழப்படி செய்கிறான். இல்லாள் வைத்தியசாலை ஒன்றில் தாதியாகக் கடமை புரிகிறாள். கிழமையில் இரண்டு, மூன்று இரவுகள் வீட்டிலிரார். மாமி எம்முடன் இருக்கிறார். மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை பெட்டி அவருடைய ஆட்சிக்குட்பட்டது. தொடர் நாடகங்களில் வரும் மருமகள்மாருக்காக அவர் வடிக்கும் கண்ணீரில் ஒரு துளியேனும் சொந்த மருமகனுக்காக வடித்ததை நாம் கண்டதில்லை. எஞ்சிய நேரத்திலேதான் எமது மூன்று ஆசைகளும் இடம் தேடவேண்டும். ஒன்று சங்கீதம், மற்றொன்று கிரிக்கெற், மூன்றாவது அரசியல். இவற்றை விட்டுவிடும்படி பெரியோர் பலர் எமக்குப் புத்தி கூறியுள்ளனர். புத்தி கூறியவர் எவரும் தத்தம் பத்திரிகையை விட்டதாகத் தெரியவில்லை.

இவ்வாசைகள் எமக்கு எங்கிருந்து வந்தன என்று எண்ணும்போதெல்லாம் ஒரு சைக்கிள் நினைவுக்கு வருகின்றது.

1996 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17 ஆம் திகதி, லாகூரிலே உலகக் கிண்ண இறுதியாட்டம். எமக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்கு முந்திய ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது நாமும் நடந்து, தென்மராட்சியில் உறவினர் வீட்டு விறாந்தை ஒன்றில் தங்கியிருந்தோம். குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. பற்றரி வடக்குக்கு வருவதற்குத் தடை. ஆதலின் சைக்கிளை நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தை வானொலிக்குக் கொடுப்பது அக்காலத்து வழக்கம். சுற்றும் வேகம் தளர்ந்தால் வானொலியின் குரலும் தளரும்.

எமது ஐயாவுக்குக் கிரிக்கெற் ஆட்டத்தின் விதி ஒன்றேனும் தெரியாது. அவருக்கு வேண்டியதெல்லாம் இரவில் வரும் பி.பி.சி. தமிழோசை. ஊருக்கு எப்போது திரும்பலாம், எந்தப் பக்கம் ஷெல் விழுகின்றது என்பவை தெரியாமல் ஒரு குடும்பத்தை நடத்த முடியாத காலம் அது. தமிழோசை வரும் வேளையில் லாகூரிலே இலங்கை அணி 242 ஓட்டங்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. 23 ஓட்டங்களுக்கு இரு விக்கெற்றுகள் போய்விட்டன. அரவிந்த டி சில்வா நின்றாடுகிறார். ஐயா தமது செய்தியைக் கேட்டார். கேட்டு முடிந்ததும் வானொலியின் முள்ளைத் தாமே திருப்பி, அரைகுறையாக எமக்கு விளங்கிய அந்த ஆங்கில வர்ணனையைத் தேடித் தந்துவிட்டு, மறுபடியும் பெடலைச் சுற்றத் தொடங்கினார். நாம் கை கொடுக்க எழுந்தபோது, "நீ இருந்து கேள்" என்று மட்டும் சொன்னார். 47 ஆவது ஓவரில் ஆட்டம் முடியும்வரை சுற்றினார். அரவிந்த 107 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்றதை நாம் துள்ளிக் குதித்து அவருக்குச் சொன்னோம். "நல்லது, இனிப் படு" என்றார்.

இன்று எமது வீட்டில் பெட்டியைச் சுற்றத் தேவையில்லை. பொத்தானை அமுக்கினால் நூற்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகள் வருகின்றன. நேரந்தான் வருவதில்லை.

2023 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17 ஆம் திகதி நடந்ததைச் சொல்வோம். கெத்தாராமை மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம், எதிரே இந்தியா. மழையினால் ஆட்டம் தாமதமாகவே தொடங்கிற்று. சின்னவனுக்கு அப்போது ஒன்றரை வயது. கையில் பருப்பும் சோறும் குழைத்த கிண்ணம், எதிரே பெட்டி. ஒரு வாய் ஊட்டுமுன் ஒரு விக்கெற் போயிற்று. அவன் துப்பியதைத் துடைக்கத் துணி எடுக்கச் சமையலறைக்குள் சென்று மீண்டோம். அவ்வளவுதான், சிராஜ் என்ற பந்துவீச்சாளர் ஒரே ஓவரில் நால்வரை வீழ்த்தியிருந்தார். 12 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெற்றுகள்! சோறு பாதி இறங்குவதற்குள் இலங்கை அணி முழுவதும் 50 ஓட்டங்களுடன் இறங்கிவிட்டது. இந்திய அணி 37 பந்துகளில் கதையை முடித்தது. உணவூட்டும் நேரத்துக்குள் முழுதாகப் பார்த்து முடித்த இறுதியாட்டம் எமது அனுபவத்தில் இஃதொன்றே. வயிறு நிறைந்தவன் அன்று அவன் ஒருவனே.

சங்கீதத்தின் கதை வேறு. அதிலே சிரிப்பதற்கு அதிகமில்லை. அதே ஆண்டு மார்கழியில், தமிழகத் தொலைக்காட்சியொன்று நடத்திய சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இரவு எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு தளத்திலும் கைதட்டல் கேட்டது. மாமி தமது நாடகத்தையே தியாகம் செய்தார். மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாக நாம் நின்றிருக்கலாம், நின்றோமில்லை. மூத்தவள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்காக வாய்ப்பாட்டுப் பயின்றுகொண்டிருந்த காலம் அது. மறுநாள் தொடக்கம் அவள் பாடுகையில், "அந்தப் பிள்ளை எப்படிப் பாடினது, பார்த்தனியோ?" என்று தொடங்கினோம். ஒரு கிழமையாகவில்லை, மூத்தவள் வீட்டில் வாய் திறந்து பாடுவதை நிறுத்திவிட்டாள். குளியலறையில் மட்டும், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓசைக்குள் மறைந்து பாடினாள். இல்லாள் அதனைக் கவனித்து எமக்குச் சொன்னார். தண்ணீர்க் கட்டணம் ஏறியது ஏன் என்று ஆராய்ந்துகொண்டிருந்த எமக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது.

அவள் மறுபடியும் கூடத்தில் பாட ஏழு மாதங்கள் சென்றன. அதற்கு வழி செய்தது சங்கீதமன்று, கிரிக்கெற். 2024 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். இந்திய மகளிர் பெற்ற 165 ஓட்டங்களைச் சமரி அத்தபத்துவும் ஹர்ஷிதா சமரவிக்ரமவும் துரத்திப் பிடித்து, எட்டு விக்கெற்றுகளால் வென்றனர். மூத்தவள் எமக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒரு பந்தையும் விடாது பார்த்தாள். அவளைப் பாடமாக்கிக் காட்டவோ ஒப்பிட்டுப் பேசவோ எமக்குச் சந்தர்ப்பம் இருக்கவில்லை. எமக்குத் துடுப்புப் பிடிக்கவும் தெரியாது. வென்றதும் எழுந்து ஆடிப் பாடினாள், கூடத்தின் நடுவே, உரத்த குரலில். வாய்மூடி இருக்கவேண்டிய இடத்தில் நாம் அன்று ஒருமுறை வாய்மூடியிருந்தோம்.

இனி அரசியல். இதனை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தோம். இல்லாளிடம் கேட்டபோது, "எழுதுங்கோ, ஆருக்கும் உதவும்" என்றார். ஆதலின் எழுதுகிறோம்.

2024 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21 ஆம் திகதி, சனிக்கிழமை, ஜனாதிபதித் தேர்தல். மாமி வாக்களிப்பதற்காக யாழ்ப்பாணம் சென்றுவிட்டார். இல்லாளுக்கு அன்று இரவுக் கடமை. சின்னவனுக்குப் புதன்கிழமை தொடக்கம் காய்ச்சல். பரசிற்றமோல் பாணி கொடுத்தால் தணியும். சில மணி சென்று மீண்டும் ஏறும். வெள்ளிக்கிழமையே இரத்தம் சோதிக்கவேண்டும் என்று இல்லாள் சொல்லியிருந்தார். நாம் அலுவலகத்திலிருந்து பிந்தி வந்தோம். சனிக்கிழமை காலையில் வாக்களிப்பு, நிலையத்தில் வரிசை. "பின்னேரம் பார்ப்போம்" என்றோம். பின்னேரம் காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு குளிர்ந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, இனிச் சோதனை எதற்கு என்று எண்ணினோம். கடமைக்குப் போய்விட்ட இல்லாளுக்கும் தொலைபேசியில், "காய்ச்சல் விட்டிட்டுது, யோசிக்காதையும்" என்று பெருமையுடன் அறிவித்தோம். மறுமுனையில் அவர் ஏதோ கேட்கத் தொடங்கினார். விடுதியில் யாரோ அழைத்தார்கள் போலும், பேச்சு அறுந்தது.

இரவு பத்து மணிக்கு ஊரடங்குச் சட்டம். வீதி அடங்கிற்று. தபால் வாக்கு முடிவுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முப்பத்தெட்டு வேட்பாளர், 1982 ஆம் ஆண்டு முதல் நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் எண்ண நேராத இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை இம்முறை எண்ண நேரலாம் என்று பேச்சு. அரசியல் ஆசை உள்ளவனுக்கு இதைவிட விருந்து ஏது? கொப்பி ஒன்றில் கோடு போட்டு, மாவட்டம் மாவட்டமாகக் குறித்தோம். சின்னவன் சோபாவில் சோர்ந்து படுத்திருந்தான். காய்ச்சலால் களைத்த பிள்ளை உறங்குகிறான் என்றே நினைத்தோம். ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். பசியாக இருக்கும் என்று பால் கொடுத்தோம், குடிக்கவில்லை.

நள்ளிரவு கடந்து இரண்டு மணியிருக்கும். மூத்தவள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். தம்பியின் அருகில் குனிந்து நின்றாள்.

"அப்பா, தம்பியின்ரை பம்பஸ் காய்ஞ்சு கிடக்குது."

"நல்லதுதானே" என்றோம். கண் பெட்டியிலேயே இருந்தது.

"இல்லை அப்பா. நான் படுக்கேக்கை பார்த்தனான். அப்பவும் காய்ஞ்சுதான் கிடந்தது. காலும் ஐஸ் மாதிரிக் கிடக்குது."

கொப்பி கையிலிருந்து விழுந்தது. அவனுடைய பாதங்களைத் தொட்டோம். அவள் சொன்னது உண்மை. கூப்பிட்டால் கண் திறந்து மறுபடி மூடினான்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். ஊரடங்கு வேளையிலும் அம்புலன்ஸ் வண்டி எமது எண்ணத்தை விட விரைவாக வந்தது. எதிர்வீட்டு அன்ரி மூத்தவளைத் தம்முடன் படுக்க வைத்துக்கொண்டார். வெறிச்சோடிக் கிடந்த காலி வீதியில், பொலிசார் விலகி வழிவிட, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சென்ற அந்தச் சில நிமிடங்களைப் பற்றி எழுத எமக்குச் சொல் வரவில்லை.

டெங்கு. குருதிச் சிறுதட்டுகள் ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டாயிரம் என்றார்கள். விடுதியிலிருந்த இளம் வைத்தியர் பொறுமையுடன் விளக்கியதை அப்படியே இங்கு தருகிறோம்; எமக்குத் தெரியாதிருந்தது வேறு பெற்றோருக்கும் தெரியாதிருக்கலாம். டெங்குக் காய்ச்சலில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது அன்று. அது விடும்போதே தொடங்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பின் காய்ச்சல் இறங்கும் வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்குகின்றது. இருபத்து நான்கு மணி முதல் நாற்பத்தெட்டு மணி வரை அக்கசிவு நீடிக்கும். அவ்வேளையில் நீர் குறைந்தாலும் கேடு, ஏற்றும் நீர் கூடினாலும் கேடு. வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு அல்லது அமைதியின்மை, குளிர்ந்த கை கால், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபென் போன்றவற்றைக் கொடுக்கலாகாது. அவை இரத்தப் பெருக்கை உண்டாக்கும். மூன்றாம் நாள் இரத்தச் சோதனை, சோதனைக்காகச் செய்யும் சோதனையன்று.

காய்ச்சல் விட்டதென்று நாம் நிம்மதியாகக் கொப்பியை விரித்த அதே மணியில் அவனுடைய உடம்பில் கசிவு தொடங்கியிருக்கின்றது.

மணிக்கு ஒருமுறை நாடி, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவற்றைத் தாதியர் ஒரு தாளில் குறித்தனர். அன்றிரவு நாம் தொடங்கிய கொப்பிக்குப் பதிலாக அந்தத் தாளே எமது கண்முன் நின்றது. இத்தனை மில்லிலீற்றர் போயிற்று, இத்தனை வந்தது. எந்தத் தேர்தலின் எந்தத் தொகுதி முடிவையும் நாம் அவ்வளவு நடுக்கத்துடன் வாசித்ததில்லை.

இல்லாள் விடியற்காலையில், ஊரடங்கு நண்பகல் வரை நீடிக்கப்பட்டிருந்தபடியால் தமது வைத்தியசாலை வாகனத்தில் வந்து சேர்ந்தார். எம்முடன் பேசவில்லை. தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிள்ளையின் கால்விரல் நகத்தை அமுக்கிவிட்டு, நிறம் திரும்பும் நேரத்தைக் கணித்தார். போர்வையைச் சரிசெய்தார். பின்பு எம்மை நிமிர்ந்து பார்த்து, மெல்லிய குரலில், "வோட்டு எண்ணி முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

திருமணமாகிப் பதினோராண்டுகளில் அவர் எம்மைக் கடிந்து சொன்ன வார்த்தை அதுவொன்றே. அதற்கு இன்றுவரை எம்மிடம் விடையில்லை.

எண்ணி முடிந்தது அன்று மாலையில். யாருக்கும் அரைவாசிக்கு மேல் கிடைக்காதபடியால், முதலிரு இடங்களைப் பெற்றவரை வைத்துக்கொண்டு, ஏனையோரின் வாக்குச்சீட்டுகளில் அவ்விருவருக்கும் இடப்பட்டிருந்த இரண்டாம், மூன்றாம் விருப்பங்களை எண்ணினார்கள். அநுர குமார திசாநாயக்க 57,40,179 வாக்குகளுடன் வென்றார். வரலாற்றில் முதன்முறையாக நடந்த அந்த எண்ணிக்கையை, வாழ்நாளெல்லாம் தேர்தல் இரவுகளில் விழித்திருந்த நாம், விடுதியின் நடைபாதையில் கூட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் சொல்லக் கேட்டே அறிந்தோம். ஏறக்குறைய அதே நேரத்தில் சின்னவன் நன்றாகச் சிறுநீர் கழித்தான். தாதி அளவைச் சொன்னதும் நாம் எழுப்பிய ஒலியைக் கேட்டு, பக்கத்துக் கட்டில் தாய் நாம் வென்ற கட்சிக்காரர் என்று எண்ணி எமக்கு வாழ்த்துக் கூறினார். மறுக்கவில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தான்.

அதன் பின் பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டோம் என்று நேயர்கள் எதிர்பார்க்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நாட்டில் நடப்பது தெரியாத தகப்பன், பிள்ளைக்கு எந்த நாட்டைக் கொடுக்கப் போகிறான்? தமிழோசையை விட்டுவிட்டு ஐயா எங்களை வளர்த்தாரில்லை. ஆயினும் அவருடைய கை பெடலில் இருந்தது; கண் எங்கள்மேல் இருந்தது. எமக்கோ கையும் கண்ணும் ஒரே பக்கம் போய்விடுகின்றன. இந்தக் குறையை ஒழித்துவிட்டோம் என்று சொல்லத் துணியோம். ஒலியைக் குறைத்து வைக்கிறோம். பெட்டிக்கு முதுகு காட்டி இருந்த நாற்காலியைத் திருப்பி, பெட்டியும் தொட்டிலும் ஒரே பார்வையில் படும்படி போட்டிருக்கிறோம். இவ்வளவுதான் எமது சீர்திருத்தம்.

அவ்வாண்டு நவம்பர் 14 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். மாமி இம்முறையும் யாழ்ப்பாணத்தில். இல்லாள் வீட்டிலிருந்தார், உறங்கிவிட்டார். சின்னவன் எமது மார்பில் உறக்கம். மூத்தவள் கொப்பியில் கோடு போட்டு, பெட்டியில் தோன்றும் எண்களைக் காதோடு காதாக வாசித்தாள். அரைமணிக்கொருமுறை எழுந்து தம்பியின் நெற்றியையும் காலையும் தொட்டுப் பார்த்தாள். அவனுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை; நாமும் அவளைத் தடுக்கவில்லை. அவளும் களைத்து உறங்கிய பின், யாழ்ப்பாண மாவட்டத்து முடிவு எந்நேரமும் வரலாம் என்று விழித்திருந்தோம். அவ்வேளை பார்த்துச் சின்னவன் கண்விழித்து, "அப்பா, சூ" என்றான்.

தூக்கிக்கொண்டு ஓடினோம். மெதுவாகத்தான் போனான். அவசரப்படுத்தவில்லை. கைகால் கழுவித் திரும்பியபோது தொலைபேசி அலறியது. மாமி.

"தம்பி, இஞ்சை கரண்ட் நிண்டுபோச்சு. யாழ்ப்பாணம் என்னவாம்?"

பெட்டியைப் பார்த்தோம். முடிவு வந்து போய்விட்டது போலும். சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.